இரண்டாவது ஸைக்கிள்

ஒரு மனிதனுக்கு எத்தனை ஸைக்கிள் வேண்டும் என்ற கேள்விக்கு என் மனைவியிடம் எப்போதும் பதில் தயாராக இருக்கிறது. "ஒன்று" என்பதுதான் அது. இதில் அவளுக்கு இருக்கும் நிச்சயம் எனக்கு இல்லை. சென்ற நான்கு மாதங்களாக எங்கள் வீட்டில் நடந்த விவாதத்துக்கு இதுவே காரணம்.

குன்னூரில் எங்கள் வீட்டு வராந்தாவில் 2018-ஆம் வருஷம் முதல் ஒரு மலை ஸைக்கிள் நின்றுகொண்டிருக்கிறது. 'ஹார்ட்டெயில்' என்னும் ஜாதியைச் சேர்ந்தது. அதாவது, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் மட்டும் அமுங்கி எழும்பும் வசதி உண்டு. பின் சக்கரம் ஃபிரேமோடு விறைப்பாகப் பிணைந்திருக்கும். மேட்டில் மிதிக்கிற மிதியெல்லாம் நேரே சக்கரத்துக்குப் போய்ச் சேரும். பள்ளத்தில் விழுகிற அடியெல்லாம் நேரே முதுகுக்குப் போய்ச் சேரும். நாற்பது வயதுக்கு முன் முதல் சமாசாரம்தான் என் கண்ணில் பட்டது, இப்போது நாற்பத்தாறாகிறது.

சென்ற வருஷம் தேயிலைத் தோட்டம் ஒன்றின் வழியாக இறங்கும்போது சில்வர் ஓக் மரத்தின் வேர்கள் குறுக்கே கிடந்த இடத்தில் விழுந்தேன். குற்றம் ஸைக்கிளுடையது அல்ல. பயந்துபோய்ப் பின் பிரேக்கை இறுகப் பிடித்தவன் நான்தான். ஆனால் அந்த நேரத்தில் பின் சக்கரம் வேருக்கு வேர் தத்திக்கொண்டிருந்தது. தரையைத் தொடாத சக்கரத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்து என்ன பிரயோஜனம்? மூன்று வாரம் மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு, கரும்பலகையில் இடது கையால் எழுதினேன். பிள்ளைகள் மிகவும் மரியாதையாகச் சிரித்தார்கள்.

அந்த மூன்று வாரத்தில் வேறொன்று நடந்தது. பதினாறு வயதாகும் என் மகள் வராந்தாவிலிருந்த ஸைக்கிளை எடுத்து ஓட்டிப் பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் உயரத்தில் இரண்டு அங்குலம்தான் வித்தியாசம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கட்டை அவிழ்த்த பிறகு, "அப்பா, ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் சேர்ந்து போகலாமா?" என்று கேட்டாள். பதினாறு வயதுப் பெண் தகப்பனிடம் இப்படிக் கேட்பது எத்தனை வருஷத்துக்கு நீடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் கழித்தவனுக்குத் தெரியும். ஆகவே இரண்டாவது ஸைக்கிள் வாங்குவதென்று மனத்துக்குள் தீர்மானித்துவிட்டேன். அது இரண்டு சக்கரத்துக்கும் ஸஸ்பென்ஷன் உள்ளதாக இருக்க வேண்டும் என்றும் தீர்மானித்தேன்.

நல்லதாக ஒன்று வாங்க லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும். செலவைக் கேட்டதும் மனைவி கோபித்துக்கொள்ளவில்லை. அதைவிட மோசமான காரியம் செய்தாள். நிதானமாக இரண்டு கேள்விகள் கேட்டாள். "இரண்டு ஸைக்கிளும் ஒரே வேலையைச் செய்யுமானால் இரண்டு எதற்கு? புதிது வேறு வேலை செய்யுமானால், அந்த வேலை உங்களுக்கு உண்மையாகவே இருக்கிறதா?"

கடைக்காரர்கள் எழுதும் விளம்பரங்களிலும், நிபுணர்கள் எழுதும் விமரிசனங்களிலும் இந்த இரண்டு கேள்விகளுக்கு விடை தேடினேன். அவர்கள் கேட்கும் கேள்வி வேறு: 'எது சிறந்த ஸைக்கிள்?' ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவனுக்கு அந்தக் கேள்வியே தப்பு.

இந்த வாகனத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1976 அக்டோபர் 21-ஆம் தேதி, கலிபோர்னியாவில் மாரின் என்ற ஜில்லாவில், சில வாலிபர்கள் பழைய இரும்பு ஸைக்கிள்களை எடுத்துக்கொண்டு ஒரு மண் பாதையில் இறங்கும் பந்தயத்தை முதன்முதலாக நடத்தினார்கள். சுமார் இரண்டு மைலில் 1,300 அடி இறக்கம். பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் அந்த ஸைக்கிள்களில் இருந்தது. கீழே வந்து சேருவதற்குள் ஹப்பிலிருந்த கிரீஸ் முழுவதும் எரிந்து புகையாகிவிடும். மறுபடியும் கிரீஸ் அடைத்த பிறகே அடுத்த சவாரி. அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. அந்த நாளில் முன்னாலும் வில் இல்லை, பின்னாலும் இல்லை. பந்தயத்தில் அடிக்கடி ஜயித்த ஜோ பிரீஸ் 1977-இல் இந்த வேலைக்கென்றே தனி ஃபிரேம் செய்தார். சுமார் 1989-இல் 'ராக் ஷாக்ஸ்' முன் ஃபோர்க் விற்பனைக்கு வந்தது. ஸஸ்பென்ஷனை ஏளனம் செய்தவர்கள் பலர். 1990-இல் கொலராடோவிலுள்ள டுராங்கோவில் நடந்த முதல் உலகப் போட்டியில், இறக்கப் பந்தயத்தில் கிரெக் ஹெர்போல்ட் அந்த ஃபோர்க்கை வைத்து ஜயித்த பிறகு ஏளனம் குறைந்தது.

பின் சக்கரத்துக்கு வில் வைப்பதைப் பற்றிய சண்டை அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் நடந்தது. அது ஒரு விதமாக ஓய்ந்தது லண்டன் ஒலிம்பிக்ஸில். 2012 ஆகஸ்டு 12-ஆம் தேதி, எஸ்ஸெக்ஸிலுள்ள ஹாட்லி பண்ணையில், செக் தேசத்து யாரோஸ்லாவ் குல்ஹாவியும் ஸ்விட்சர்லாந்தின் நீனோ ஷுர்ட்டரும் ஒன்றரை மணி நேரம் ஓட்டி, கடைசிவரை ஒருவரையொருவர் விடாமல் வந்தார்கள். ஷுர்ட்டரிடம் ஹார்ட்டெயில்; குல்ஹாவியிடம் இரண்டு பக்கமும் ஸஸ்பென்ஷன். குல்ஹாவி ஒரே ஒரு விநாடியில் தங்கப் பதக்கத்தைத் தட்டிக்கொண்டு போனார். ஒரு விநாடியை வைத்து ஒரு சாஸ்திரத்தையே நிரூபித்துவிட முடியாதுதான். ஆனால் நாலு வருஷம் கழித்து ரியோவில் ஷுர்ட்டர் தங்கம் வாங்கினாரே, அப்போது அவர் ஏறி வந்தது முழு ஸஸ்பென்ஷன் ஸைக்கிள்! தோற்றவர் பாடம் கற்றுக்கொண்டதைவிடப் பெரிய சாட்சியம் எனக்குத் தேவைப்படவில்லை.

இந்தக் கதையை மனைவியிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். "நீங்கள் ஒலிம்பிக்ஸுக்குப் போகிறீர்களா?" என்றாள்.

சரி, பரீட்சித்தே பார்ப்போம் என்று புறப்பட்டேன். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் கோயமுத்தூரில் இன்ஜினியராக இருக்கிறார். அவரிடம் பின் சக்கரம் 160 மில்லிமீட்டர் அமுங்கும் பெரிய ஸைக்கிள் ஒன்று உண்டு. "சார், ஒரு வாரம் வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்" என்று காரில் கட்டிக்கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். இந்த மாதிரி மாணவர்கள் கிடைப்பதற்காகவே உபாத்தியாயர் உத்தியோகம் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டத்தாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நானும் மகளும் கிளம்பினோம். மேட்டில் மகள் ஹார்ட்டெயிலில் போய்க்கொண்டே இருந்தாள். நான் பீரோவைத் தள்ளிக்கொண்டு போவதுபோல் பின்னால் போனேன். மேலே போய்ச் சேர்ந்தபோது அவள் பிஸ்கோத்து தின்று முடித்துவிட்டாள். இறக்கத்தில் அவளை முந்தினேன். என்னைக் கீழே தள்ளிய அதே வேர்களின்மேல் வந்தேன். வேர்கள் இருந்ததே தெரியவில்லை. நியாயமாகச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஏதோ குறைவது போலிருந்தது. மூன்றாவது நாள்தான் விளங்கியது. அந்த ஸைக்கிளின்கீழ் என் பாதையே காணாமல் போய்விட்டது. ஆளை விழுங்கும் பாறைச் சரிவுகள் உள்ள தேசத்தில் அது சிங்கமாக இருக்கும். எங்கள் தேயிலைத் தோட்டப் பாதையில் அதற்கு வேலையில்லை. மனைவியின் இரண்டாவது கேள்வியில் அது தோற்றது.

அடுத்தபடியாக, கோயமுத்தூர்க் கடை ஒன்றில் 120 மில்லிமீட்டர் அமுங்கும் பந்தய ஜாதி ஸைக்கிளை அரை நாள் ஓட்டிப் பார்த்தேன். லேசானது, சுறுசுறுப்பானது, மேட்டில் பறந்தது. அதில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுமே இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து வராந்தாவைப் பார்த்ததும் உண்மை புரிந்தது. அந்தக் காரியத்தில் முக்கால் பங்கை என் பழைய ஸைக்கிளே செய்துகொண்டிருக்கிறது. இதை வாங்கினால் அதை விற்க வேண்டியதுதான். முதல் கேள்வியில் இது தோற்றது.

இரண்டுக்கும் நடுவே, முன்னால் 140, பின்னால் 130 மில்லிமீட்டர் அமுங்கும் 'டிரெயில்' வகை இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், கடைப் புத்தகங்களைப் பார்த்து நான் ஏமாந்த கதையைச் சொல்ல வேண்டும். வேறு யாரும் அப்படி ஏமாறக் கூடாது.

ஒவ்வொரு ஸைக்கிளுக்கும் கோணங்களும் நீளங்களும் அடங்கிய ஓர் அட்டவணை போடுகிறார்கள். நான் கணக்கு வாத்தியார். அட்டவணையைக் கண்டால் விடுவேனா? பழைய ஸைக்கிளின் எண்களையும் புதியதன் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்தேன். சுத்த அசட்டுத்தனம்! அந்த எண்கள் யாரும் ஏறாத ஸைக்கிளுக்கு உரியவை. ஹார்ட்டெயிலில் நாம் ஏறினால் முன் ஃபோர்க் மட்டும் 20, 25 மில்லிமீட்டர் தாழ்கிறது. ஸைக்கிள் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்கிறது. 20 மில்லிமீட்டர் தாழ்ந்தால் ஃபோர்க்கின் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி நிமிர்ந்துவிடும்; கைப்பிடி வரையில் உள்ள நீளமும் சற்றுக் கூடும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் இன்னும் கவிழும். இரண்டு பக்கமும் அமுங்கும் ஸைக்கிளிலோ முன்னும் பின்னும் சேர்ந்து தாழ்வதால் கோணம் அநேகமாக அப்படியே நிற்கிறது. ஆகவே காகிதத்தில் ஒரே எண் போட்டிருக்கும் இரண்டு ஸைக்கிள்கள் ஏறி உட்கார்ந்ததும் ஒன்றாக இரா. ஹார்ட்டெயிலின் நீளம் பழகியவனுக்கு, புதியதில் காகித நீளம் ஒரு சென்டிமீட்டர் கூட இருந்தால்தான் நின்று ஓட்டும்போது அதே மாதிரி இருக்கும். மேடு ஏறும்போது நிலைமை தலைகீழ்: பாரம் பின்னால் போய்ப் பின்பக்கம் தாழ்ந்து, ஆசனம் பின்னுக்குப் போகிறது. அதனால் புதியதில் ஆசனக் குழாய் நன்றாக நிமிர்ந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் முதுகு வலி குறைவதற்குப் பதில் இடம் மாறும்.

மிதிக்கும்போதெல்லாம் பின்பக்கம் ஊஞ்சலாடுமே என்று பலர் பயப்படுகிறார்கள். ஒரு காலத்தில் ஆடிற்று. இப்போது கீல்கள் அமைந்திருக்கும் இடத்தை வைத்தே அதை அடக்குகிறார்கள். மிதிக்கும்போது சங்கிலியின் இழுப்பே பின்பக்கத்தை அமுங்க விடாமல் பிடித்துக்கொள்ளும்படி கணக்குப் போட்டிருக்கிறார்கள். இதற்கு மேலும் ஒரு சிறு நெம்புகோல் உண்டு. தார் ரோட்டில் அதைத் தள்ளிவிட்டால் ஷாக் விறைத்துக்கொள்ளும். எத்தனை கீல், எந்தக் கம்பெனியின் தத்துவம் என்பதைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், எங்கள் வேகத்துக்கு, காற்றின் அழுத்தத்தைச் சரியாக வைப்பதில் உள்ள லாபத்தில் பாதி கூட அந்தச் சண்டையில் இல்லை.

ஓர் எச்சரிக்கை. கடைத்தெருவில் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு 'டபுள் ஸஸ்பென்ஷன்' என்று எழுதிய ஸைக்கிள்கள் தொங்குகின்றன. பையன்கள் பார்த்ததும் அழுவார்கள். அவற்றில் பின்னால் இருப்பது பெரும்பாலும் வெறும் சுருள்வில். நல்ல ஷாக்கில் வில்லின் வேலையைக் காற்று செய்கிறது. அமுங்கியது ஒரேயடியாக எகிறிவிடாமல், சிறு துவாரங்கள் வழியாக எண்ணெய் புகுந்து வந்து அந்த வேகத்தைச் சூடாக மாற்றித் தணிக்கிறது. எண்ணெய் இல்லாத சுருள்வில் கட்டில் மெத்தை மாதிரி. குதிக்கலாம், ஓட்ட முடியாது. கைவசம் உள்ள பணம் அவ்வளவுதான் என்றால், அதற்கு வில்லே இல்லாத நல்ல ஸைக்கிள் வாங்குவது எவ்வளவோ மேல்.

நடுவகையை ஓட்டியபோது முதலில் கவனித்தது இறக்கத்தை அல்ல, ஏற்றத்தைத்தான். கற்கள் பெயர்ந்து கிடக்கும் ஒரு மேடு உண்டு. ஹார்ட்டெயிலில் அங்கே பின் சக்கரம் கல்லில் மோதித் துள்ளும், துள்ளிய கணத்தில் மிதித்த மிதி காற்றில் போகும், கால் ஊன்றிவிடுவேன். இதிலே சக்கரம் கல்லின்மேல் ஏறி இறங்குவதைக் கீழே ஷாக் பார்த்துக்கொண்டது. டயர் தரையை விடவில்லை. உட்கார்ந்தபடியே ஏறிவிட்டேன். ஏறக்குறைய 2 கிலோ கூடுதல் பாரம்தான். நல்ல பாதையில் அது தெரிந்தது, கெட்ட பாதையில் திரும்பக் கிடைத்துவிட்டது. வேர்கள் இருந்த இடத்தில், இருக்கின்றன என்று தெரிந்தது; ஆனால் பிரேக் பிடித்தால் பிடித்தது.

ஆக, வேலைப் பங்கீடு எனக்குத் தெளிவாயிற்று. தினம் பள்ளிக்கூடம் போய்வர, தார் ரோட்டிலும் மண் ரோட்டிலும் தூரம் போக, ஜூன் முதல் டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும் மழையில் போக ஹார்ட்டெயில். அதில் சேறு புகுந்து கெடுவதற்குப் பின்பக்கம் கீல்களே இல்லை. வேர்களும் கற்களும் உள்ள ஞாயிற்றுக்கிழமைப் பாதைக்குப் புதியது. கற்றுக்கொள்கிறவருக்கும் ஹார்ட்டெயில் நல்லது. எந்தக் கல்லில் ஏற்றினாய் என்று அது உடனே சொல்லிவிடும். தயவு தாட்சண்யம் கிடையாது.

இரண்டாவது வாங்குகிறவர்கள் அநேகமாக மறக்கிற விஷயம், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கப் போகின்றன என்பது. சக்கரம் இரண்டிலும் 29 அங்குலமாக இருந்தால் டியூபும் டயரும் பொதுவாகும். பின் அச்சின் அகலம் இரண்டிலும் 148 மில்லிமீட்டரானால் அவசரத்துக்குச் சக்கரத்தையே மாற்றிப் போடலாம். பல்சக்கரம் ஏறும் பாகமும் ஒரே வகையாக இருக்க வேண்டும். பிரேக்கில் சிலவற்றுக்கு மினரல் எண்ணெய், சிலவற்றுக்கு டாட் திரவம். ஒன்றில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளேயுள்ள ரப்பர் வளையங்கள் வீணாகிவிடும். மலையூரில் உதிரிப் பாகம் கிடைக்காத நாளில் இந்தப் பொருத்தங்கள் ஜாதகப் பொருத்தத்தைவிட முக்கியம்.

பராமரிப்புச் செலவை மறைக்காமல் மனைவியிடம் சொன்னேன். ஷாக்கைச் சுமார் 50 மணி நேரம் ஓட்டியதும் காற்றறையைத் திறந்து துடைத்து எண்ணெய் வைக்க வேண்டும். முழுப் பராமரிப்பு, கம்பெனிக்குத் தகுந்தபடி, 125 மணி அல்லது 200 மணிக்கு ஒரு தடவை. கீல்களின் பேரிங்குகளும் தேயும். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று மணி என்றால் மழை மாதங்கள் போக வருஷத்துக்கு எண்பது, தொண்ணூறு மணி வரும். "அதையும் சேர்த்துத்தான் விலை என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்றாள். அது சம்மதம் என்று எனக்குப் புரிவதற்குச் சற்று நேரமாயிற்று.

புதியது எனக்கு, பழையது மகளுக்கு என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "வாராவாரம் மாற்றிக்கொள்ளலாம் அப்பா" என்றாள். நியாயம்தான். ஓடும்போதே ஆசனத்தைத் தாழ்த்தி உயர்த்தும் குழாய் இருப்பதால் உயரம் ஒரு தடையில்லை. காற்றழுத்தம்தான் தடை. நான் 78 கிலோ, அவள் 52. ஷாக்குக்குள், ஓட்டுகிறவரின் எடை பவுண்டில் எவ்வளவோ அத்தனை பி.எஸ்.ஐ. காற்று வைத்து ஆரம்பிக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. எனக்கு 170, அவளுக்கு 115. இதற்குச் சிறிய தனி பம்ப் வேண்டும். டயருக்கு அடிக்கிற பம்ப் உதவாது. பிறகு ஏறி அசையாமல் உட்கார்ந்து, ஷாக்கின் தண்டில் உள்ள ரப்பர் வளையம் எவ்வளவு நகர்ந்தது என்று அடிக்கோலால் அளந்து பார்க்க வேண்டும். எங்கள் ஷாக்கின் தண்டு 50 மில்லிமீட்டர் உள்ளே போகும். அதில் 15 மில்லிமீட்டர் நகர்ந்தால் சரி.

மகளுக்கு முதல் நாள் 20 நகர்ந்தது. ஐந்து ஐந்தாகக் காற்றை ஏற்றி 130-இல் நிறுத்தினோம். அந்த எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, பெயர்களோடு பம்பில் சுற்றி ஒட்டியிருக்கிறாள். சனிக்கிழமை இரவு வராந்தாவில் பம்பை எடுத்து வைத்துக்கொண்டு, "நாளைக்கு யாருடைய எண் அப்பா?" என்று கேட்கிறாள்.